சைக்கிளும் சில சாமான்களும்

நாள் முழுக்க மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டணும்னா என்ன போட்டுக்கணும், என்னென்ன எடுத்துக்கணும்? புனேயில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இப்போது இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நம்ம வயசு ஆட்கள். நாற்பதைத் தாண்டியாச்சு, டாக்டர் "கொஞ்சம் உடம்பை அசைங்க சார்" என்று சொல்லியாச்சு, தவணையில் ஒரு மவுண்டன் பைக்கும் வாங்கியாச்சு. அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல், அது பால்கனியில் துண்டு காயப்போட உதவிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி ஏதாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு டிஸ்கி. நான் பந்தயத்துக்குப் போகிற ஆள் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, பதவி உயர்வு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் என்று மாறி, கான்பூர், நாக்பூர் எல்லாம் பார்த்துவிட்டு புனேயில் இது ஆறாவது வருஷம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 2015 செப்டம்பரில் இருந்து வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. அந்த இரண்டு சனிக்கிழமையில் ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று சைக்கிளுக்கு என்று தங்கமணியோடு ஒப்பந்தம். (தங்கமணின்னா வேற யாரு, வீட்டம்மாதான்.)

இந்தத் தடவை ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம். பிளஸ் ஒன் படிக்கும் மகள், "அப்பா, நானும் வரேன்" என்று சொல்லிவிட்டாள். சும்மா பேச்சுக்கு இல்லை. மூன்று மாதமாக என்னோடு காலையில் முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் கேட்கிறாள். செய்தி ஊருக்குப் போனதும் அம்மாவிடம் இருந்து போன். "ஏல, வயசுப் பிள்ளைய காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறியாமே, கூறு இருக்கா உனக்கு?" தங்கமணி அப்படியெல்லாம் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஏதாவது ஆச்சுன்னா அங்க யாரு இருக்கா?"

யோசித்துப் பார்த்தால் இந்தப் பட்டியல் முழுக்கவே அந்தக் கேள்விக்குப் பதில்தான். நம்ம ஊரில் நாங்கள் சைக்கிள் ஓட்டியபோது எதையாவது தூக்கிக்கொண்டு போனோமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு பாபநாசம் போய் வருவோம். பஞ்சர் ஆனால் முக்குக்கு முக்கு கடை. தாகம் எடுத்தால் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை. விழுந்தால், நாம் எழுந்திருப்பதற்குள் "நீ இன்னார் மகன்தானே" என்று ஒருத்தர் தூக்கிவிட்டு, நாம் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் சேதியையும் சேர்த்துவிடுவார் :-) இங்கே கடக்வாஸ்லா அணையைத் தாண்டி பான்ஷேத் பக்கம் மண் பாதையில் இறங்கிவிட்டால் கடையும் இல்லை, திண்ணையும் இல்லை, பல இடத்தில் செல்போன் சிக்னலும் இல்லை. ஊரில் யார் யார் நமக்காக இருந்தார்களோ, அவர்களுக்குப் பதிலாகத்தான் பையில் ஒவ்வொரு சாமானும். கணக்குக்காரன் பாஷையில் சொன்னால் பிராவிஷன். கடன் வாராக்கடன் ஆன பிறகு முழித்துப் பிரயோசனம் இல்லை, முன்னாடியே ஒதுக்கி வைக்கணும்.

சரி, தலையில் இருந்து ஆரம்பிப்போம்.

தலை

காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதல் காசு ஹெல்மெட்டுக்கு. மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற ஹெல்மெட் (ஐ.எஸ். 4151 முத்திரை போட்டது) இதற்கு ஆகாது. கனம் அதிகம், காற்று போகாது, மலை ஏறும்போது தலை அவிந்துவிடும். சைக்கிள் ஹெல்மெட்டில் உள்பக்கம் இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்ற தர அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது ஐரோப்பியத் தரம், இரண்டாவது அமெரிக்கத் தரம்.

கடைக்குப் போகும் முன் தையல்காரர் டேப்பால் நெற்றியைச் சுற்றித் தலையை அளந்துகொள்ளுங்கள். போட்டால் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி. பக்கவாட்டு வார்கள் இரண்டும் காதுக்குக் கீழே "வி" போலச் சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் போதும். நம்ம வீட்டுப் பெண்களுக்கு ஒரு குறிப்பு: உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. பின்னலைக் கழுத்தோடு தாழ்த்திப் போடணும்.

உள்ளே இருப்பது தெர்மகோல் ஜாதிப் பொருள். அடி விழும்போது அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கியது மறுபடி உப்பாது. அதனால் பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே பளபளப்பாக இருந்தாலும் குப்பைக்குத்தான். அடுத்தவர் போட்ட பழைய ஹெல்மெட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அது எத்தனை தடவை விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

உட்காரும் இடம்

இதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். ஆனால் ஏழு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்த பிறகு கூச்சம் எல்லாம் போய்விடும். இடுப்புக்குக் கீழே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் கட்டாயம் வேண்டும். இதை உள்ளாடை இல்லாமல் நேரடியாகப் போட வேண்டும். உள்ளாடையின் தையல்தான் தோலை உராய்ந்து புண்ணாக்குவது. பஞ்சு தடிமனாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம், அளவு இறுக்கமாகவும் மடிப்பு விழாமலும் இருப்பதுதான் முக்கியம். உராய்கிற இடத்தில் போகும் முன்பே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் கழற்றி அன்றைக்கே துவைத்துக் காயப்போடணும்.

பெண்களுக்கான ஷார்ட்ஸ் தனியாகக் கிடைக்கிறது. பஞ்சின் அமைப்பே வேறு, அதனால் அதையே வாங்குங்கள். மகளுக்கு அதன் மேலே ஒரு தளர்வான டிராக் பேண்ட். கிராமங்கள் வழியாகப் போகும்போது அவளுக்கும் சங்கடம் இல்லை, முள் கீறலுக்கும் பாதுகாப்பு. கீழே செயின் பக்கம் பேண்ட்டைச் சுற்றி ஒரு வெல்க்ரோ பட்டை. இல்லையென்றால் பல்சக்கரம் பேண்ட்டைத் தின்றுவிடும்.

சட்டை

திருப்பூர் பருத்திப் பனியன் மாதிரி சுகம் உலகத்தில் இல்லை. நானும் வீட்டில் அதில்தான் இருக்கிறேன். மலைக்கு மட்டும் அது வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஏறும்போது தொப்பலாக நனைந்த பனியன், இறங்கும்போது காற்றுப் பட்டதும் ஐஸ் ஆகிவிடும். ஒரு சின்னக் கணக்கு. புனே கடல் மட்டத்தில் இருந்து சுமார் 560 மீட்டர். சிங்ககட் கோட்டை சுமார் 1300 மீட்டர். உயரம் கூடக்கூட, கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் வெப்பம் குறையும். ஆக, மேலே கிட்டத்தட்ட ஐந்து டிகிரி குறைவு. அதோடு காற்று, அதோடு ஈரத் துணி. டிசம்பர் காலையில் பல் தந்தியடிக்க இது போதும்.

பாலியஸ்டர் ஜெர்சி வியர்வையை வெளியே தள்ளிச் சீக்கிரம் காய்ந்துவிடும். முழுக்கை நல்லது. வெயிலுக்கும் ஆகும், புதருக்கும் ஆகும். பின்னால் மூன்று பை வைத்தது கிடைத்தால் இன்னும் விசேஷம். பிராண்டு பெயருக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். விளையாட்டு டி-ஷர்ட்டே போதும்.

கை, கண், கால்

விழும்போது யாராக இருந்தாலும் முதலில் கையைத்தான் ஊன்றுவோம். அதனால் கையுறை. மண் பாதைக்கு விரல் முழுக்க மூடியது சிறந்தது. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டால் பிரேக்கைப் பிடித்து வீட்டுக்கு வர முடியாது.

கண்ணாடி ஸ்டைலுக்கு இல்லை. இறக்கத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பூச்சி கண்ணில் பட்டால் அடுத்த இரண்டு வினாடி நாம் குருடு. வெயில் காலத்துக்குக் கறுப்பு, மழைக் காலத்துக்கும் மர நிழல் பாதைக்கும் நிறமில்லாதது.

காலுக்கு அடிப்பாகம் விறைப்பாக இருக்கிற ஷூ. மெத்தென்ற ஓட்டப்பயிற்சி ஷூவில் நாள் முழுக்க மிதித்தால் பாதத்தில் பெடல் குத்தும். காலைப் பெடலோடு பூட்டிக்கொள்கிற வகை ஷூக்கள் உண்டு. பழகியவர்களுக்கு அது சரி, ஆரம்பத்தில் பிடிப்புள்ள சாதாரண பெடலே போதும். லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். காலுறையும் பருத்தி வேண்டாம். செருப்பு, சாண்டல் எல்லாம் பால் வாங்கப் போகும்போது.

மழை, குளிர்

புனே நகரத்தில் வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதே மாவட்டத்தில் மேற்கே சஹ்யாத்ரி விளிம்புக்கு, தாம்ஹிணி காட் பக்கம் போனால் அதைப்போல் பல மடங்கு. வீட்டு ஜன்னலில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஜூனில் இருந்து செப்டம்பர் வரை மழைச் சட்டை பையிலேயே இருக்கட்டும். மற்ற மாதங்களில் கைக்குள் அடங்குகிற மாதிரி சுருட்டக்கூடிய மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்று. ஏறி முடித்ததும், இறங்க ஆரம்பிக்கும் முன் அதைப் போட்டுக்கொள்ளணும். குளிர் எடுத்த பிறகு போட்டால் உடம்பு சூடேற நேரம் ஆகும். போன், பணம், அட்டை எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள்.

தண்ணீர்

மணிக்கு அரை லிட்டரில் இருந்து முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத்துக்கு நாலு, ஐந்து லிட்டர் ஆகிறது. அத்தனையையும் சுமக்க முடியாது. முதுகில் குழாய் வைத்த பையில் இரண்டு லிட்டர், சைக்கிளில் முக்கால் லிட்டர் பாட்டில், மீதிக்கு வழியில் எந்தக் கிராமத்தில் நிரப்புவது என்று முதல் நாளே வரைபடத்தில் குறித்துவிடுவேன். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மேலே எருமை குளித்துக்கொண்டிருக்கலாம். குளோரின் மாத்திரை நாலு இருந்தால் அவசரத்துக்கு ஆகும்.

வெயிலில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து. வியர்வையில் போன உப்பு திரும்பி வராமல், இருக்கிற உப்பும் நீர்த்துப்போய்த் தலைசுற்றல், வாந்தி என்று ஆகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். 20.5 கிராம் பொட்டலம் முழுசாக ஒரு லிட்டரில். கண்ணளவாகப் பாதி பிரித்துப் போடுவது கூடாது. கடையில் அந்தப் பெயரில் டப்பாவில் விற்ற இனிப்புப் பானங்களை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்ற பெயரே போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

சாப்பாடு

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். பசி எடுக்கும் முன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் சூத்திரம். பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேருவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும்.

இதற்கென்றே விலை உயர்ந்த பசை, பார் எல்லாம் விற்கிறார்கள். எங்கள் வீட்டில் கோவில்பட்டி கடலை மிட்டாய்தான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சமாச்சாரம், மாமியார் பார்சலில் வருகிறது. தீர்ந்துவிட்டால் லோனாவ்லா சிக்கி. மதியத்துக்குத் தங்கமணி கட்டிக் கொடுப்பது புளியோதரை. தயிர் சாதம் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் வெயிலில் நாலு மணி நேரம் குலுங்கிய தயிர் சாதத்தின் நிலைமை உங்களுக்கே தெரியும். சிங்ககட் பக்கம் போனால் மேலே பிட்லா பாக்ரியும் மோரும் கிடைக்கும். அங்கேயும் அளவாகத்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறக்கத்தில் இறங்கக் கூடாது.

சைக்கிள் கடை அண்ணாச்சிக்குப் பதிலாக

ஊரில் பஞ்சர் என்றால் ஒரு அண்ணாச்சி, ஒரு வாளித் தண்ணீர், பத்து நிமிஷம். அந்த அண்ணாச்சி இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பையில் இருக்கிறார்:

உங்கள் டயர் அளவுக்கு மாற்று ட்யூப் ஒன்று, இரண்டு பேர் போனால் இரண்டு. டயர் கழற்றும் லிவர் இரண்டு. ஒட்டுப் போடும் பொட்டலம். சின்னக் கைப் பம்ப். சைக்கிள் வால்வில் ஒல்லி, தடி என்று இரண்டு வகை உண்டு, பம்ப் எதற்குப் பொருந்தும் என்று வீட்டிலேயே அடித்துப் பார்த்துவிடுங்கள். செயின் கழற்றும் வசதியோடு ஒரு மல்ட்டி டூல். செயினை இணைக்கும் குவிக் லிங்க் ஒன்று. அது உங்கள் கியர் எண்ணிக்கைக்குத் தகுந்ததாக இருக்கணும். பின் கியர் தொங்குகிற ஹேங்கர் ஒன்று, இது மாடலுக்கு மாடல் வேறு. இவற்றோடு ஒரு கையளவு கேபிள் டை.

இந்தப் பக்கம் பாதை ஓரம் எல்லாம் பாபூள் மரம். வேறு ஒன்றும் இல்லை, நம்ம கருவேலமரம்தான். அதன் முள்ளுக்கு மராத்தியும் தெரியாது, தமிழும் தெரியாது. எந்த டயரையும் குத்தும். ட்யூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கம் விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது ட்யூபும் ஐந்து நிமிஷத்தில் காலி.

டயரே கிழிந்துவிட்டால் ரூபாய் நோட்டை மடித்து உள்ளே வைத்துச் சமாளிக்கலாம் என்று சைக்கிள்காரர்கள் சொல்வார்கள். நம்ம நோட்டுத் தாள் பருத்தியில் செய்தது, தாங்கும். ஆனால் "நோட்டில் எழுதாதீங்க, பின் அடிக்காதீங்க" என்று கவுண்டரில் நின்று சொல்கிற வாயால் நான் அதைச் சிபாரிசு பண்ண முடியாது :-) பழைய டயரில் இருந்து தீப்பெட்டி அளவு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு டீக் கடைக்கு வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் யு.பி.ஐ. வேலை செய்யாது. ஐந்நூறு ரூபாய்க்குப் பத்தும் இருபதும் ஐம்பதுமாகச் சில்லறை.

இவை எல்லாம் இருந்தும் பயன்படுத்தத் தெரியாவிட்டால் சுமைதான். போன ஞாயிறு மகளை வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, பின் சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றச் சொன்னேன். முதல் தடவை 35 நிமிஷம். மூன்றாவது தடவை 14 நிமிஷம். தங்கமணிக்கு அன்றைக்குத்தான் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி.

மருந்துப் பை

கிருமிநாசினி, காஸ் துணி, பிளாஸ்திரி, ஒரு க்ரேப் பேண்டேஜ், ஒரு முக்கோணத் துணி, அவரவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஒரு நாளைக்கு. மகளின் பையில் அவள் அம்மா சானிட்டரி நாப்கின் இரண்டும் பழைய செய்தித்தாளும் வைத்திருக்கிறாள். பெண் குழந்தையோடு போகிற அப்பாக்கள் இதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஒரு விசில். கத்தினால் தொண்டை போகும், விசில் போகாது. முன்னும் பின்னும் விளக்கு. டிசம்பரில் புனேயில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், பகல் பயணம் ஒரு பஞ்சரில் ராத்திரிப் பயணம் ஆகிவிடும்.

பையை அடுக்கும்போது பம்ப், டூல் போன்ற கெட்டிச் சாமான்கள் முதுகெலும்பை ஒட்டி வரக் கூடாது. மல்லாக்க விழுந்தால் அதுவே குத்தும். அவை சைக்கிளிலேயே இருக்கட்டும், முதுகில் துணியும் தண்ணீரும் மட்டும்.

ஒரு அட்டை

இப்போது எல்லாவற்றிலும் எடை குறைந்த சாமானைப் பற்றி. நண்பர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், இங்கே மென்பொருள் கம்பெனியில் இருக்கிறார். குடும்பத்தை அழைத்து வந்து நாலே மாசம் ஆகியிருந்த சமயம். நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். இறக்கத்தில் அவர் எங்களுக்கு முன்னால் கொஞ்ச தூரம் போய்விட்டார். வளைவில் சரளைக் கல்லில் முன் சக்கரம் வழுக்கித் தலைகுப்புற விழுந்திருக்கிறார். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது, தலை பிழைத்தது. ஆனால் ஆள் நிதானத்தில் இல்லை. "மணி என்ன, மணி என்ன" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையில் அடிபட்டவர் இப்படிப் பேசினால் "கொஞ்ச நேரம் படுக்கட்டும்" என்று விடவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் வயலில் இருந்த இரண்டு பேர் ஓடி வந்து அவரை மர நிழலில் சாய்த்திருந்தார்கள். அவர் போன் பூட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவர் மனைவியிடம் இருந்து அழைப்பு. திரையில் தமிழில் பெயர். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எடுத்துப் பேசினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது மராத்தியும் கொஞ்சம் இந்தியும். அந்தம்மாவுக்குத் தமிழும் இங்கிலீஷும். "படலே, படலே" என்று இவர்கள் சொல்கிறார்கள். விழுந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தம்மாவுக்கு அது புரியவில்லை, புருஷன் போனில் வேறு ஆள் பேசுகிறான் என்பது மட்டும் புரிந்தது. நாங்கள் வந்து போனை வாங்கிய வரைக்கும் பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷம் அவர் எப்படி இருந்திருப்பார் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். நண்பர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார், இப்போது நலம். அந்த இரண்டு விவசாயிகள் ஜீப் பிடித்து ஏற்றிவிட்டு, கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை.

அன்றைக்கு உதவ மனுஷர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் ஒரு எழுத்து இல்லை, அவ்வளவுதான். அதனால் இப்போது எங்கள் இரண்டு பேர் ஜெர்சி பையிலும் லேமினேட் செய்த ஒரு அட்டை. ஒரு பக்கம் மராத்தி, ஒரு பக்கம் இங்கிலீஷ். பெயர், வயசு, ரத்த வகை, ஒவ்வாமை உள்ள மருந்து, வீட்டு விலாசம். (மராத்தியும் இந்தியும் ஒரே எழுத்து என்பதால் வட மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் இது சரிப்படும்.) போனைப் பூட்டியிருந்தாலும் திரையில் அவசரத் தகவல் தெரிகிற வசதி எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது, அதிலும் இதே விவரங்களைப் போட்டுவிடுங்கள். அவசர உதவிக்கு நாடு முழுக்க 112, மகாராஷ்டிராவில் ஆம்புலன்ஸுக்கு 108.

அட்டையில் போன் நம்பர் இரண்டு. முதல் நம்பர் தங்கமணி. இரண்டாவது நம்பர் யாருடையது என்று வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. மைத்துனர் சென்னையில். தம்பி மதுரையில். அவர்களுக்குப் போன் வந்தால் அங்கே இருந்து பதறத்தான் முடியும், அதுவும் தமிழில். கடைசியில் மகள்தான் சொன்னாள், "கீழ் வீட்டுக் காக்கூ நம்பரைப் போடலாம்ப்பா."

கீழ் வீட்டு மராத்தி அம்மாவைத்தான் காக்கூ என்கிறாள். அவர் கணவர் காக்கா. (மகள் சின்னப் பிள்ளையாக இங்கே வந்த புதிதில், அவரைப் பார்த்து "காக்கா" என்று கூப்பிடச் சொன்னபோது சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.) ஆறு வருஷமாகப் படியில் பார்த்தால் சிரிப்பு, தீபாவளிக்குப் பலகாரத் தட்டு, அவ்வளவு பழக்கம். அந்த உரிமையில் போய் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தயக்கம். தங்கமணி தன்னுடைய அரைகுறை மராத்தியில் விஷயத்தைச் சொன்னதும், அந்தம்மா அட்டையை வாங்கிப் படித்து, மராத்தியில் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி, தன் நம்பரோடு கணவர் நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சாலும் எடுப்போம்" என்றாராம். வெளியூரில் இருக்கும் நம்ம குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஹெல்மெட் வாங்கக் கடை இருக்கிறது. இந்த இரண்டாவது நம்பரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சைக்கிள் ஓட்டாவிட்டாலும் அப்படி ஒரு நம்பர் வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. எந்தப் பாதை, எங்கே தண்ணீர், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். மதியம் ஒரு மணி ஆகிவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் எங்களிடம் இருந்து போன் வராவிட்டால் தங்கமணி காக்கூவிடம் சொல்வாள், காக்கா வண்டியை எடுப்பார். அம்மாவிடம் இதை எல்லாம் வரிசையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மராட்டிக்காரம்மா நம்பரை எனக்கும் அனுப்புல" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் எந்தப் பாஷையில் பேசிக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

வருகிற நான்காவது சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். பைகளை நேற்று எடை போட்டுப் பார்த்தேன். என்னுடையது தண்ணீரோடு நாலரை கிலோ, மகளுடையது மூன்று. காக்கூ வெள்ளிக்கிழமை ராத்திரி தாலிபீட் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் கால் கிலோ கூடும். அதற்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.